சரி பண்ணித் தரேன்

எங்கள் வீட்டு ஷோகேஸில் பதினோரு மாதம் இருந்த பொம்மையை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தலையில் ஈரத் துண்டு. உள்ளே வந்தவர் யாரையும் கேட்காமல் கண்ணாடியைத் தள்ளி, பூக்காரி பொம்மையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாலு நாளா மனசுல இதேதான் ஓடிகினு கீது. மணிக்கட்டு தப்பும்மா. பூக் கட்றவ கை இப்டி நேரா நிக்காது. குடு, சரி பண்ணித் தரேன்."

"நல்லாத்தானே இருக்குது?"

"நீ பாக்கல. நான் பாத்துட்டேன்."

அது எங்களுக்குப் பரிசாக வந்த பொம்மை. நாங்கள் அவர் வீட்டுப் பின்பகுதிக்குக் குடிவந்து பால் காய்ச்சிய அன்று அவரே கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறோமே என்ற கூச்சம் அவரிடம் துளியும் இல்லை. மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். வலது மணிக்கட்டு லேசாக உள்பக்கம் மடிந்திருந்தது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அதுவரை பூக்கூடைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த பொம்மை, இப்போது உண்மையாகவே பூக் கட்டியது. நாரை இழுத்து முடிச்சுப் போடப் போகிற கை அது. என் கணவர்கூட செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

அந்த அம்மாவிடம் இருந்த சங்கடமே இதுதான். அவர் கை வைத்தால் பொம்மை முன்பைவிட நன்றாகிவிடும். வேண்டாம் என்று சொல்ல நம்மிடம் காரணமே இருக்காது.

இது நடந்தது எண்பதுகளின் நடுவில், பட்டாபிராமில். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். காலை ரயிலைப் பிடித்துப் போய் மாலை ரயிலில் திரும்புவேன். அந்த அம்மா எங்கள் வீட்டுக்காரம்மா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பெயரை இங்கே எழுதவில்லை. அவர் மகளை சுகுணா என்று எழுதப்போகிறேன், அதுவும் அவள் உண்மைப் பெயர் இல்லை.

முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. அதன்மேல் கட்டுக் கம்பிச் சுருள், இலவம்பஞ்சு மூட்டை, பழைய பனியன் துணி, நாலைந்து ஊசிகள். கம்பியை முறுக்கி எலும்புபோல ஓர் உருவம் செய்வார். அதன்மேல் பஞ்சைச் சுற்றி, பனியன் துணியைத் தோலாக இழுத்துத் தைப்பார். முகத்தில் மூக்கு வேண்டிய இடத்தில் ஊசியை உள்ளே விட்டு நூலை இழுப்பார். பஞ்சு எழும்பி மூக்காகும். கண்ணுக்கு ஒற்றை நூல் இழை. துணிக்கு நிறம் ஏற்ற டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீர், இரண்டு சட்டிகளில். ஒன்றில் கெட்டியாக, ஒன்றில் வெளுப்பாக. கெட்டி டீ மீன்காரிக்கும் சுமை தூக்குகிறவருக்கும். வெளுப்பு டீ கல்யாணப் பெண்ணுக்கு. ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

ஒரு பெண்கள் பத்திரிகையில் வந்த நாலு பக்கத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாராம். அந்தப் பக்கங்களிலும் பென்சிலால் திருத்தம் போட்டிருந்தார்.

விற்பதற்காக அவர் ஒரு பொம்மைகூடச் செய்ததில்லை. எஸ்டேட் பெண்கள் மன்றத்தில் ஒரு முறை கண்காட்சி நடந்தபோது, ஓடும் ரயிலில் தலை தொங்கத் தூங்குகிற ஒரு பெண்ணின் பொம்மையைக் கொண்டுபோய் வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்து, மடியில் டிபன் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி தூங்குகிற பெண். காரில் வந்த ஒரு அம்மாள் அந்தப் பொம்மையை விட்டு நகரவே இல்லை. எப்படியாவது தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"குடுக்க முடியாதும்மா," என்றார் இவர். "வித்துட்டா, அப்பால நான் எங்க வந்து சரி பண்றது?"

அந்த அம்மாள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ரயிலில் வரும்போது என்னிடம், "கழுத்து இன்னும் கொஞ்சம் தொங்கணும், அந்தம்மா அத்தக்கூடப் பாக்கல," என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் கணவர் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலை விட்டு வந்து வாசலில் செருப்பை விட்டால், இவர் பின்னாலேயே போய் இரண்டு செருப்பையும் காலால் தள்ளி ஒட்டவைப்பார். சட்டைக் காலர், மீசை ஓரம், டம்ளரைக் கீழே வைக்கிற விதம் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு குறை சொல்வார். அந்த மனிதர் ஒரு நாள் என் கணவரிடம் மிக அமைதியாகச் சொன்னார்:

"ஊட்ல நான் ஜாஸ்தி பேசறதில்ல சார். பேசுனா பத்து தப்பு கண்டுபுடிப்பா. சும்மா குந்திகினு இருந்தா, சும்மா கீறது ஒண்ணுதான் தப்பு."

அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். முடியாது. எனக்கு டைஃபாய்டு வந்து படுத்திருந்தபோது பத்தொன்பது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். என் அம்மா அரக்கோணத்திலிருந்து வந்து சேர்வதற்குள் என் புடவைகளைத் துவைத்து, மடித்து, அடுக்கி வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போனபோது எல்லா டப்பாவும் இடம் மாறியிருந்தன. உப்பு எட்டும் இடத்தில், புளி அடுப்புக்கு அருகில். நான் அவற்றைப் பழையபடி மாற்றிப் பார்த்தேன். இரண்டே நாளில் அவர் வைத்தபடியே திரும்ப வைத்துவிட்டேன்.

சுகுணாவுக்கு அப்போது பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்பிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் பின்பகுதியில் இருக்கும் எங்களுக்குக் கேட்கும். வாயை முழுதாகத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, அடிபம்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மேல் பற்கள் கொஞ்சம் முன்னால் வந்தவை. சிரிக்கும்போது ஈறு தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்த்து நமக்கும் சிரிப்பு வந்த பிறகுதான் ஈறு கண்ணில் படும். அவள் அம்மாவுக்கு மட்டும் ஈறுதான் முதலில் தெரிந்தது.

"வாய மூடிக்கினு சிரி."

தெருவில், பந்தியில், பஸ்ஸில் ஏறும்போதுகூட இந்தக் குரல் அவள் பின்னால் வரும். வீட்டில் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து உதட்டை ஒட்டியபடி சிரிக்கப் பழக்கினார். ஒரு பொம்மையின் முகத்தைப் பக்கத்தில் வைத்து, "இவ்ளோதான். இதுக்கு மேல வாணாம்," என்று அளவு காட்டுவார். முதலில் அவள் அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு வருடத்தில் அடிபம்புப் பக்கம் சத்தம் நின்றுபோயிற்று. சத்தம் நின்றதை நான் கவனித்தது அதற்கும் பல நாள் கழித்துத்தான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு வரிசையான சின்னப் பற்கள். "அந்த அக்காவப் பாரு, எப்டி சிரிக்குது," என்று அவளிடம் அவர் என்னைக் காட்டுவார். சுகுணா என் வாயைப் பார்ப்பாள். எனக்கு அது கூச்சமாக இருந்தது என்று எழுதலாம். உண்மையில் பிடித்திருந்தது. எல்லாவற்றிலும் குறை காண்கிற ஒருவர் நம்மிடம் குறை இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது. அவர் வரும் சத்தம் கேட்டால் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்பேன்.

சுகுணாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். மூன்று இடங்கள் வந்து போயின. முதல் இரண்டுக்கும் ஜாதகம் அது இது என்று காரணம் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில், மாப்பிள்ளையின் அக்கா தரகரிடம், "பொண்ணு சிரிச்சா பல்லுதான் தெரியுது," என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அன்று அந்த அம்மா அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. மேஜை முன்னால் போய் உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். எனக்கு அது அப்போது மனத்திடமாகத் தோன்றியது.

அடுத்த வாரம் என்னிடம் வந்து, "சனிக்கிழம உனக்கு லீவுதான? ஆவடிக்குப் பல் டாக்டர் கிட்ட போணும். நீயும் வா. அவளுக்கு உன்னக் கண்டா தைரியம்," என்றார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் வெற்றிலை வாங்கக் கொஞ்சம் தள்ளிப் போனபோது சுகுணா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, முன்னாடி நாலு பல்லயும் எடுத்துட்டு கட்டுப் பல்லு வெக்கப் போறாங்களாம். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. கம்பி போடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"வலிக்கவே இல்லக்கா. சொத்தையும் இல்ல. நல்ல பல்லு." நாக்கால் பற்களைத் தடவிக்கொண்டாள். "நீங்க சொல்லுங்கோ. எடுக்கணுமா?"

அவள் கேட்டது உண்மையான கேள்வி. மரியாதைக்குக் கேட்டதில்லை. நான் வேண்டாம் என்று சொன்னால் அம்மாவிடம் எதிர்த்து நிற்க அவளுக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும். தூரத்தில் அவர் திரும்பி வருவது தெரிந்தது. வெற்றிலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே வந்தார். நான் சொன்னேன்:

"அம்மா பார்த்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும். நீ பயப்படாத."

அவள் தலையை ஆட்டினாள். பஸ் வந்தது. ஏறினோம்.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். வாயைப் பார்த்துவிட்டு, பற்கள் நன்றாக இருக்கின்றன, கம்பி போட்டால் இரண்டு வருடத்தில் ஓரளவு உள்ளே போகும், எதற்கு எடுப்பது என்று கேட்டார். இரண்டு வருடம் காத்திருக்க முடியாது என்றார் அந்த அம்மா. டாக்டர் சுகுணாவைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்றார். சுகுணா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவள் சம்மதம் என்றாள்.

இரண்டு சனிக்கிழமைகளில் நாலு பற்கள். இரண்டாவது முறை திரும்பி வரும் பஸ்ஸில், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். எதிர் சீட்டில் இருந்த அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"என்ன யாரும் சரி பண்ணலம்மா. எங்கம்மா அப்டியே உட்டுட்டா. இவள நான் அப்டி உட மாட்டேன்."

அவரிடம் சரி பண்ண என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான்கு வருடமாகத் தினமும் பார்த்த முகம். அவர் சிரித்து நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஈறு ஆறியதும் கட்டுப் பல் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வருடமே குமணன்சாவடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை வாட்டசாட்டமான, அதிகம் பேசாத பையன். நிச்சயம் முடிந்த நாளிலிருந்து அந்த அம்மா ஒரு பெரிய பொம்மைக்குக் கம்பி முறுக்க ஆரம்பித்தார். இரண்டடி உயரம், மணப்பெண். சுகுணாவின் கல்யாணப் புடவை வாங்கிய கடையிலேயே அதே நிறத்தில் துணி. காதில் சின்னதாக ஜிமிக்கி. முகம் சுகுணாதான். ஆனால் வெளுப்பு டீத்தண்ணீரில் நனைத்த சுகுணா. மூக்கு கொஞ்சம் எடுப்பாக, உதடுகள் ஒட்டி, அந்தக் கண்ணாடிச் சிரிப்பு.

மண்டப வாசலில் சந்தனக் கும்பாவுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு அதை வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் பொம்மையைப் பார்த்தார்கள், பிறகு மேடையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி மேடையிலேயே, "பொம்ம பொண்ணவிட சோக்கா கீது," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னாள். அந்த அம்மாவின் முகத்தில் மலர்ச்சி. சுகுணா உதட்டை ஒட்டி, பழக்கிய அளவுக்குச் சிரித்தாள்.

மறுநாள் சீர்ப் பாத்திரங்களோடு பொம்மையையும் வேனில் ஏற்றினார்கள். சுகுணா அதைத் தானே இறக்கி, முன்னறை மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். "எடுத்துகினு போடி," என்று அம்மா கூப்பிட்டார். "அது இங்கயே இருக்கட்டும். உனக்குத் தொணயா இருக்கும்," என்றாள். வேன் கிளம்பிவிட்டது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. அந்த மூன்று மாதம் அந்த வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மேஜையில் பஞ்சு தூசு பிடித்தது. அவர் பொம்மைப் பக்கமே போகவில்லை. தினமும் காலை குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உருட்டிக் குளிப்பாட்டுவார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். சுகுணா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். மூக்கை நீவும்போது மட்டும், "போதும்மா," என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டி, மடியில் வைத்து அந்த அம்மா ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தார். குழந்தை திடீரென்று சிரித்தது. மூன்று மாதக் குழந்தையின் சிரிப்பு, வாய் முழுக்க வெறும் ஈறு. அதைப் பார்த்து அந்த அம்மாவுக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வாயை முழுதாகத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து.

மேல் பற்கள் முன்னால் வந்திருந்தன. ஈறு தெரிந்தது. சுகுணாவின் பழைய சிரிப்பு அப்படியே.

எவ்வளவு அழகாக இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு சின்னப் பெண் இருந்தாள். அது மூன்று விநாடி இருந்திருக்கும். நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு, இன்னும் சிரித்துக்கொண்டிருந்த குழந்தையின் உதடுகளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்தார்.

"வாய மூடிக்கினு சிரிக்கணும் கண்ணு."

மெதுவாகத்தான் பிடித்தார். குழந்தை அழக்கூட இல்லை. ஆனால் சுகுணா கட்டிலை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

"குடு."

"இன்னாடி?"

"கொழந்தையக் குடு."

வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. தொட்டிலில் கிடந்த துணிகளை ஒரு பையில் அடைத்தாள். ஐந்தாம் மாதம் முறைப்படி கொண்டுபோய் விட வேண்டும், இப்படிப் போகக் கூடாது என்று அப்பா கெஞ்சினார். "இன்னா பண்ணிட்டேன் இப்போ? வெளயாட்டுக்குத் தொட்டேன்," என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. என்னைப் பார்த்து, "நீ கூடத்தான இருந்த, சொல்லும்மா. நான் இன்னா பண்ணேன்?" என்றார். நான், "கோவத்துல போறா, வந்துடுவா," என்றேன். சுகுணா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தாள்.

அவள் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்து, அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டாள். அந்த அம்மா பழையபடி மேஜை முன் உட்கார்ந்தார். மணப்பெண் பொம்மையின் முகத்தைப் பிரித்துத் தைத்தார். பிரித்தார், மறுபடி தைத்தார். முதன்முதலாக, அவர் கை பட்டும் நன்றாகாத ஒரு பொம்மையைப் பார்த்தேன். பனியன் துணி ஊசித் துளைகளால் நைந்துபோயிருந்தது.

தொண்ணூற்று இரண்டில் நாங்கள் அம்பத்தூரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். போக்குவரத்து குறைந்தது. பிறகு மூன்று வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் சுகுணாவைப் பார்த்தேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள், கொய்யாப்பழம் தின்றபடி.

"அக்கா," என்று அவள்தான் கூப்பிட்டாள். சிரித்தாள். மேல்வரிசையில் முன்னால் நாலு பல் இல்லை. கறுப்பாக ஒரு இடைவெளி.

நான் பார்ப்பதைக் கண்டு அவள் மறைக்கவில்லை. "கட்டுப் பல்ல கழட்டி வெச்சிட்டேங்கா. உறுத்திகினே இருந்துச்சு. ராத்திரிலயும் கழட்டாத, அவருக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்புச்சு. நாலு மாசம் ஈறெல்லாம் புண்ணு. ஒரு நாள் அவரே பாத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"இன்னா சொன்னாரு? 'நல்ல பல்ல எதுக்குப் புடுங்கின?'ன்னு கேட்டாரு. அன்னிலேந்து மாட்டல."

பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அம்மாவைப் போய்ப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

"பாக்கலாம். எனக்குப் பழகிப்போச்சு. ஆனா இவ மூஞ்சிய அது பாக்கும். பாத்தா ஏதாவது ஒண்ணு கண்டுபுடிக்கும். அத்த இவ காதுல கேக்கக் கூடாது." மகளின் தலையைத் தடவினாள். பிறகு, கோபமே இல்லாமல், பழைய விஷயம் ஒன்றை நினைவுபடுத்துகிற குரலில் சொன்னாள்: "அம்மா மேலகூட எனக்கு அவ்ளோ வருத்தம் இல்லக்கா. அதுக்கு வேற மாரி தெரியாது. உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு பஸ் ஸ்டாப்ல நீங்க வாணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏறியிருக்க மாட்டேன்."

அவள் பஸ் வந்தது. மகளை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டாபிராம் போனேன். எதற்குப் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா இளைத்திருந்தார். கண்ணாடி தடிமனாகியிருந்தது. சுகுணாவைப் பார்த்தேன் என்று சொன்னதும், கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"பாத்தியா? பேசுனாளா?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்னப் பத்தி இன்னா சொன்னா? மறைக்காத சொல்லு. என் மேல இன்னா தப்புன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்கோ. சொன்னாத்தான எனக்குத் தெரியும்."

அறுபதை நெருங்கிய ஒரு பெண் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குறை என்ன என்று இன்னொருத்தியிடம் கேட்கிறார். சொல்ல வேண்டியது என் நாக்கில் இருந்தது, சுகுணா சொன்ன வார்த்தைகளாகவே இருந்தது. அவற்றைத் தாங்கக்கூடியவர்தான் அவர். உடைந்துபோகிற ஆள் இல்லை. ஒருவேளை கொஞ்ச நாள் மேஜை முன் உட்கார்ந்து யோசித்திருப்பார்.

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றேன். "நல்லா இருக்கா. உங்களைப் பத்தி விசாரிச்சா."

"விசாரிச்சாளா?"

"ஆமா."

"அப்போ கோவம் இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவர் உள்ளே போய் எனக்குக் காபி போட்டார். அடுப்படியிலிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் வேகமாகக் கேட்டது. என்னை அனுப்பும்போது தெருமுனை வரை கூடவே வந்தார்.

அதற்கடுத்த மாதம் அவர் கணவர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அம்பத்தூரில் ஏதோ வேலையாம், அப்படியே வந்தாராம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவரை ஒரு நாளும் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

"பேத்திக்கின்னு ஒரு பொம்ம செஞ்சாம்மா. பத்து நாள்ல முடிச்சிட்டா. அவ கைல பத்து நாள்ல முடிஞ்ச பொம்ம அது ஒண்ணுதான். எடுத்துகினு ரெண்டு பேரும் குமணன்சாவடி போனோம். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள டிவி ஓடுது, கொழந்த பேசறது கேக்குது. தட்டுனோம். சத்தம் நின்னுபோச்சு. யாரும் வரல."

"அப்புறம்?"

"அரை மணி நேரம் நின்னா. நான் வா போலாம்னேன். 'கோவம் இல்லன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே, இவ குளிச்சிகினு இருப்பா, வருவா'ன்னா. அப்பால மருமகப்புள்ள கடையிலேந்து வந்தாரு. அவருதான் எங்களுக்கு சோடா வாங்கிக் குடுத்து, பஸ் ஏத்திவுட்டாரு. நல்ல மனுஷன்." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பஸ்ல வரும்போது கேட்டா, 'அந்தப் பொண்ணு ஏன் அப்டிச் சொல்லுச்சு?'ன்னு. எனக்குத் தெரியல. அதான் உன்னயே கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்து போய்க் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கும்வரை அங்கேயே நின்றேன். காபியைக் கொண்டுவந்து கொடுத்தபோது வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் குடித்து முடித்து, டம்ளரை மேஜையின் நடுவில் பார்த்து வைத்துவிட்டு, போய்விட்டார்.